யாரென்றே தெரியாமல் வந்து உதவிவிட்டுப் போனவர்கள்: சொந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

நடைவண்டி எழுதியது:

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். "தேவதூதரைப் பார்த்தேன்" என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் கும்பிடுவார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம்.

இரவு, நெடுஞ்சாலை. மணல் சிதறிக் கிடந்த வளைவில் வண்டி சறுக்கி விழுந்தேன். கண் திறந்தபோது வானம்தான் தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். தலைமாட்டிலிருந்து இரண்டு கைகள் ஹெல்மெட்டோடு சேர்த்து என் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டன. "தலையைத் திருப்பாதே. மேலேயே பார்." ஆண் குரல். அதட்டலும் இல்லை, ஆறுதலும் இல்லை. வேலையில் மும்முரமாக இருப்பவன் பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு கழுத்துக்கு இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அண்டக் கொடுத்தார். எனக்குக் கண் சொருகும்போதெல்லாம் எதையாவது கேட்டார். வீட்டில் மூத்தவனா கடைக்குட்டியா, பள்ளியில் எந்தப் பாடம் வராது, இப்படி. அவர் தலைமாட்டிலேயே இருந்ததால் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

கழுத்துப் பகுதி முதுகெலும்பில் விரிசல் என்று பிறகு தெரிந்தது. அப்போது எழுந்து உட்கார்ந்திருந்தால் கை கால் விளங்காமல் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். ஆம்புலன்ஸில் வந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "நாங்க வந்தப்போ கழுத்துக்கு ரெண்டு பக்கமும் துண்டு இருந்துச்சு, ஆனா உங்க பக்கத்துல யாருமே இல்லைங்க. கொஞ்சம் தள்ளி ரெண்டு மூணு பேர் நின்னாங்க." ஆம்புலன்ஸை அழைத்தது ஒரு லாரி ஓட்டுநர். அவரோ வண்டியை விட்டு இறங்கவே இல்லையாம்.

நான் எதையும் சாதிக்க வரவில்லை. இப்படி உங்களுக்கும் நடந்திருந்தால் சொல்லுங்கள்.


இரவுப்பணி எழுதியது:

நான் நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவுல பெரும்பாலும் ராத்திரி டியூட்டிதான். உங்க கேள்விக்கு ரெண்டு விதமான பதில் இருக்கு, ரெண்டையும் சொல்லிடறேன்.

முதல் விதம். மயக்கத்துலேர்ந்து தெளிஞ்சவங்க "ராத்திரி வெள்ளை உடுப்புல ஒரு அம்மா வந்தாங்க, கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க" அப்படிம்பாங்க. அதுல பாதி நாங்கதான். மருந்து, காய்ச்சல், தூக்கமின்மை, நாள் முழுக்க எரியுற லைட்டு, எல்லாம் சேர்ந்தா ஆளே குழம்பிப் போயிடுவாங்க. ஒரு பெரியவர் இருந்தார். மூச்சுக்காக வாயில வச்சிருந்த குழாயை எடுத்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், கூப்பிடுற பொத்தான் கட்டிலுக்குக் கீழ விழுந்தப்பல்லாம் ஒரு பொண்ணு வந்து எடுத்து உள்ளங்கையில வச்சு, விரல் ஒவ்வொண்ணா மடக்கி விட்டாள்னு. எனக்கு யாருன்னு உடனே தெரிஞ்சது. தரை துடைக்க வர்ற அக்கா. அவங்க வேலையிலேயே அது கிடையாது, யாரும் சொல்லவும் இல்லை. பெரியவர்கிட்ட "அது தேவதை இல்லை ஐயா, எங்க அக்காதான்"னேன். "அதனால என்னம்மா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டார்.

ரெண்டாவது விதம் எனக்குப் புரியாதது. கடைசி நாள்கள்ல இருக்கறவங்க வாசல் பக்கம் பார்த்துப் பேசுவாங்க. பெரும்பாலும் செத்துப்போன அம்மா, அப்பா, புருஷன்கிட்ட. எங்க வேலையில இருக்கற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க. ஒரு அம்மா ரெண்டு காலையும் மெதுவா ஒரு ஓரமா ஒதுக்கிக்கிட்டாங்க, கட்டில் நுனியில யாரோ உட்காரப் போற மாதிரி. காலை நகர்த்தக்கூடத் தெம்பில்லாதவங்க அவங்க. பயமே இல்லை, நாம விருந்தாளிக்கு இடம் விடுவோமே, அப்படித்தான் இருந்தது முகம். நான் சார்ட்டுல என்னன்னு எழுதறது? "நோயாளி அமைதியாக உள்ளார்"னு எழுதினேன்.


ஏன்எப்படி எழுதியது:

இழையைக் கெடுக்க வரவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

1916 மே மாதம். கப்பலைப் பனிக்கட்டியிடம் இழந்த அண்டார்க்டிகா பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, கிரீன் என்ற இரண்டு பேரோடு தெற்கு ஜார்ஜியாத் தீவின் மலைகளை 36 மணி நேரம் தூங்காமல் நடந்தே கடந்தார். மூன்று பேர். ஆனால் தாங்கள் நான்கு பேராக நடந்ததாகத் தனக்கு அடிக்கடி தோன்றியது என்று பின்னால் எழுதினார். மற்ற இருவரும் தங்களுக்கும் அப்படித்தான் இருந்தது என்றார்கள். மலையேறுபவர்கள் நடுவே இதற்கு 'மூன்றாம் மனிதர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. (நியாயமாக நான்காம் மனிதர்தான். ஒரு கவிஞர் எண்ணிக்கையை மாற்றிப் பாடிவிட்டார்.)

1933இல் எவரெஸ்டில் தன்னந்தனியாக ஏறிக்கொண்டிருந்த பிராங்க் ஸ்மைத், பையிலிருந்த இனிப்பை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பக்கத்தில் வருபவருக்குக் கொடுக்கத் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை. 1927இல் அட்லாண்டிக்கை முப்பத்து மூன்றரை மணி நேரம் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க், விமானத்துக்குள் உருவங்கள் வந்து தன்னோடு பேசியதாகவும் பறப்பது பற்றி ஆலோசனை சொன்னதாகவும் 1953இல் எழுதினார்.

குளிர், ஆக்சிஜன் குறைவு, தூக்கமின்மை, தனிமை, உயிர்பயம். இவை சேரும்போது மூளை ஒரு துணையை உண்டாக்கிக்கொள்ளலாம். 2006இல் மூளை ஆய்வாளர் ஓலாஃப் பிளாங்கே குழுவினர் வலிப்புநோய்ச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையில் ஒரு பெண்ணின் மூளையில் இடப்பக்கம், பொட்டெலும்பை ஒட்டிய ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டினார்கள். உடனே தனக்குப் பின்னால் ஒரு நிழல் ஆள் இருப்பதாக அவர் உணர்ந்தார். தூண்டுதலை நிறுத்தியதும் ஆள் காணாமல் போனார். நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று மூளை வைத்திருக்கும் கணக்கு பிசகும்போது, நாமே நமக்கு இன்னொருவராகத் தெரிகிறோம்.


மறுகரை எழுதியது:

அருமையான பதிவு ஏன்எப்படி. எனக்கும் ஒருமுறை ரயிலில் நடந்தது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.


உபதேசியார் எழுதியது:

தம்பி ஏன்எப்படி, உங்கள் விளக்கத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. நான் கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவன். காவல் சம்மனசு (காவல் தேவதூதர்) திருநாளை அக்டோபர் 2இல் கொண்டாடி வளர்ந்தவன். ஆனால் இன்றைக்குச் சம்மனசு என்ற பெயரில் நடக்கிற வியாபாரத்தைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. "உங்கள் தேவதையின் பெயர் என்ன, உங்கள் தேவதை எண் என்ன" என்று கேட்கிறார்கள். மிக்கேல், கபிரியேல், இரபேல் என்ற மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் பெயர் வைக்கும் பழக்கத்தை ஊக்குவிக்க வேண்டாம் என்று வத்திக்கான் 2001இல் வெளியிட்ட வழிகாட்டி நூலிலேயே இருக்கிறது.

வேதத்தில் வருகிற சம்மனசுகள் வந்தவுடன் சொல்வது பெரும்பாலும் "அஞ்சாதே" என்பதைத்தான். அப்படியானால் பார்த்தவர்கள் நடுங்கிப் போயிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? சிறகும் புன்னகையுமாக வாழ்த்து அட்டையில் இருப்பவர் இவர் இல்லை.

எனக்குப் பிடித்தது தோபித்து ஆகமம். இளைஞன் தோபியாவுக்குத் தூரப் பயணத்துக்கு வழித்துணை தேவை. வெளியே போகிறான், ஓர் ஆள் நிற்கிறார். "வழி தெரியுமா?" "தெரியும், பலமுறை போயிருக்கிறேன்." அப்பா தோபித்து அந்த ஆளின் குலம் கோத்திரம் விசாரிக்கிறார், நாளுக்கு ஒரு திராக்மா கூலி பேசுகிறார், பயணச் செலவும் தருகிறேன் என்கிறார். வந்திருப்பவர் இரபேல். அசரியா என்று பெயர் சொல்லிக்கொண்டு பேசாமல் கூலிக்கு ஒத்துக்கொள்கிறார்! பையனோடு நாயும் போகிறது. முழுப் பயணத்திலும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கடைசியில் கணக்குத் தீர்க்க உட்கார்ந்தபோது, கூலியோடு கொண்டுவந்ததில் பாதியையும் கொடுத்துவிடலாம் என்று கூப்பிட்டால்தான் தான் யார் என்று சொல்கிறார்.

நடைவண்டி தம்பிக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வேலையில் இருப்பவன் பேச்சு என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.


நூர்விளக்கு எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். உபதேசியார் ஐயா சொன்னதற்கு மிக நெருக்கமாக எங்களிடமும் ஒன்று உண்டு. இமாம் முஸ்லிம் தொகுத்த ஹதீஸ் (நபிமொழி) நூலில் உமர் (ரலி) அறிவிப்பது. நபி (ஸல்) அவர்களைப் பார்க்க ஒருவர் வருகிறார். தூய வெள்ளை ஆடை, கருகருவென்ற முடி, பயணம் செய்து வந்த களைப்போ அழுக்கோ இல்லை, ஆனால் அங்கே இருந்த யாருக்கும் அவரைத் தெரியவில்லை. நபி (ஸல்) அவர்களின் முழங்காலோடு முழங்கால் சேர உட்கார்ந்து கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். போன பிறகுதான் "வந்தவர் வானவர் ஜிப்ரீல், உங்கள் மார்க்கத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தார்" என்று சொல்லப்படுகிறது.

இப்ராஹீம் (அலை) வீட்டுக்கு விருந்தினராக வந்த வானவர்கள் கதையும் குர்ஆனில் இருக்கிறது. கன்றை வாட்டி வைத்தும் அவர்கள் கை நீளவில்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்குள் பயம் தட்டியது.

ஆனால் எனக்கு உதவியவரை நான் மலக்கு (வானவர்) என்று சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்லை. அம்மாவை மருத்துவமனையில் வைத்திருந்தபோது, எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஒரு வயதான பெண்மணி வந்து என் கையிலிருந்த காகிதங்களை வாங்கி, வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் அறை எண்ணை எழுதிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் நன்றி சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. மலக்குகளுக்குச் சொந்த விருப்பம் இல்லை, ஏவப்பட்டதைச் செய்வார்கள் என்று நம்புகிறோம். அந்த அம்மாவுக்கோ பேசாமல் தாண்டிப் போகும் உரிமை இருந்தது. அதனால்தான் அவர் மனுஷியாகவே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். மனுஷிக்கு துஆ செய்யலாம்.


நெறியாளர் எழுதியது:

இதுவரை 'நண்பரின் மாமாவுக்கு நடந்தது' வகைப் பதிவுகள் பலவற்றை நீக்கியிருக்கிறேன். கோபப்பட வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மான்ஸ் அருகே பிரிட்டிஷ் படை தோற்றுப் பின்வாங்கியது. செப்டம்பர் 29 அன்று லண்டன் நாளேடு ஒன்றில் ஆர்தர் மேக்கன் ஒரு சிறுகதை எழுதினார். பழங்கால வில்லாளிகள் ஆவியாக வந்து படையைக் காப்பதாகக் கதை. அடுத்த ஆண்டு அது வில்லாளிகளிலிருந்து தேவதூதர்களாக மாறி, 'நேரில் பார்த்த' சிப்பாய்களின் பெயரால் ஊரெல்லாம் பரவிவிட்டது. அது என் கற்பனை என்று எழுதியவரே கத்தினார். யாரும் கேட்கவில்லை. எழுதியவரையே நம்ப மறுத்தார்கள் என்றால் நான் எம்மாத்திரம்? ஆகவே உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள்.


ஆற்றோரம் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லை. ஆனால் என் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

என் தம்பியும் இப்படி ஒரு சாலையில்தான் விழுந்தான். இப்படி ஓர் இரவில்தான். வண்டிகள் போய்க்கொண்டிருந்த சாலைதான். ஒருவர் நின்று படம் எடுத்திருக்கிறார். அந்தப் படம் எங்களுக்கும் வந்து சேர்ந்தது. அதில் அவன் கை தூக்கியிருக்கிறது. விடியும் வரை யாரும் கிட்டே போகவில்லை.

உங்கள் தலையைப் பிடித்த கைகள் அன்றைக்கு எங்கே இருந்தன? உங்களுக்கு மட்டும் வருவார், என் தம்பிக்கு வரமாட்டார் என்றால் அவர் என்ன தேவதூதர்?


வெளிச்சப்பூ எழுதியது:

எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் சகோ. உங்கள் தம்பியைக் கடவுள் தன்னிடம் அழைத்துக்கொண்டார் என்று நினையுங்கள்.


உபதேசியார் எழுதியது:

வெளிச்சப்பூ, தயவுசெய்து இதை அவரிடம் சொல்லாதீர்கள். சாவு வீடுகளுக்கு நிறையப் போயிருக்கிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்டு ஆறுதல் அடைந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சொன்னவருக்குத்தான் ஆறுதல்.

ஆற்றோரம், உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரத்தில் சம்மனசு வந்து பேதுருவைச் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபுவை வாளால் கொன்றுவிடுகிறார்கள். அவருக்கு யாரும் வரவில்லை. ஏன் என்று வேதம் ஒரு வரிகூட எழுதவில்லை. வருஷக்கணக்காக அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு பெண்குழந்தைதான் எழுந்து நின்று "யாக்கோபு பாவம் இல்லையா?" என்று கேட்டது. பாவம்தான் என்று சொல்லி உட்கார வைத்தேன்.


நடைவண்டி எழுதியது:

ஆற்றோரம், உங்கள் பதிவைப் படித்தபின் இழையைப் பூட்டச் சொல்லலாமா என்று நினைத்தேன். நீங்கள் சொன்னால் பூட்டச் சொல்கிறேன்.


ஆற்றோரம் எழுதியது:

வேண்டாம். பேசுங்கள். வீட்டில் யாரும் இதைப் பேசுவதே இல்லை.


இரவுப்பணி எழுதியது:

ஏன்எப்படி, அந்த மூளைப் பரிசோதனை பத்தி ஒரு சந்தேகம். நானும் அதைப் படிச்சிருக்கேன். அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்ச நிழல் ஆள் உதவி ஒண்ணும் பண்ணலையே? அவங்க முழங்காலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா அதுவும் பின்னாலேர்ந்து கட்டிப் பிடிச்சது, அவங்களுக்கு அது பிடிக்கலை. அட்டையைப் படிக்கக் கொடுத்தா அதைப் பிடுங்கப் பார்த்தது. தலையைத் திருப்பாதேன்னு சொல்ற ஆளுக்கும் இதுக்கும் எப்படி முடிச்சுப் போடறீங்க?


ஏன்எப்படி எழுதியது:

நல்ல கேள்வி. "பக்கத்தில் ஓர் ஆள்" என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் அந்தப் பரிசோதனை சொல்கிறது. அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்பதைச் சூழ்நிலை தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். தூக்கத்தில் உடம்பு மரத்துப்போய் அமுக்குவது போலிருக்கும்போது வருகிற ஆள் பயமுறுத்துவார். துணையை இழந்தவர்களுக்கு வருபவர் ஆறுதல் தருவார். 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தவரின் அருகாமையை உணர்ந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது துணையாக இருந்திருக்கிறது.

நடைவண்டி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் நான் "மூளை செய்த மாயம்" என்று சொல்லப் போகிறேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை. குரல் கேட்டது என்றால் மூளை என்பேன். முதலுதவி வகுப்பில் என்றோ கேட்ட பாடம், இன்னொருவர் குரலில் திரும்ப ஒலித்திருக்கலாம். ஆனால் துண்டு இருந்திருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். மூளை துண்டைச் சுருட்டி வைக்காது. துண்டு இருந்தது என்றால் ஆள் இருந்தார். தள்ளி நின்ற இரண்டு மூன்று பேரில் ஒருவராகவும் இருந்திருக்கலாம், அதற்குள் கிளம்பியும் இருக்கலாம்.


உபதேசியார் எழுதியது:

சம்மனசு தோளில் துண்டு போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கிறதா தம்பி? இரபேல் பையனை மீன் பிடிக்கச் சொல்லி, பித்தப்பையை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னவர். மீனோடு ஒப்பிட்டால் துண்டு மேல்.


கடைசிப்பேருந்து எழுதியது:

பல வருடமாகப் படிப்பதோடு சரி, இதுதான் என் முதல் பதிவு. நான் உதவிவிட்டுப் போனவர்கள் பக்கத்தில் நின்றவன். அதனால் சொல்கிறேன்.

ஒரு வயதானவர் நடைமேடையில் விழுந்தார். நெற்றி பிளந்து ரத்தம். என் கைக்குட்டையை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலுதவி ஒன்றும் தெரியாது. ரத்தம் வந்தால் அழுத்து என்பது மட்டும் தெரியும். அவர் என்னை "வந்துட்டியா, வந்துட்டியா" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். யாரை நினைத்துக் கேட்டாரோ. நானும் "வந்துட்டேன்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்ததும் எழுந்து நடந்துவிட்டேன். மாயமாக மறையவில்லை. பள்ளிவிட்டு என் மகள் தனியாக நின்றுகொண்டிருப்பாள், சட்டை முழுக்க ரத்தம், பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு சாட்சி என்று அலைய விடுவார்களோ என்ற பயம். இந்த மூன்றும்தான் காரணம். அந்தப் பெரியவர் முகம் இன்று எனக்கு ஞாபகம் இல்லை. மோதிர விரலில் நகம் கருத்திருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.

ஆற்றோரம், உங்களிடம் இதைச் சொல்லத்தான் கணக்குத் தொடங்கினேன். அங்கே நான் குனிந்ததற்கு ஒரே காரணம், அவர் என் காலடியில் விழுந்தார். பத்தடி தள்ளி விழுந்திருந்தால் நானும் நின்று பார்த்திருப்பேனோ என்னவோ. என்னைச் சுற்றி நின்றவர்கள் கெட்டவர்களாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் வேறு யாராவது போவார்கள் என்று காத்திருந்தார்கள்.


ஆற்றோரம் எழுதியது:

படம் எடுத்தவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீங்கள் சொன்னதால் மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் எழுதியதற்கு நன்றி.

இரவுப்பணி அக்கா, ஒன்று கேட்க வேண்டும். நான் இப்போது தினமும் அந்தச் சாலை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். யாராவது விழுந்து கிடந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது? ஹெல்மெட்டைக் கழற்றலாமா?


இரவுப்பணி எழுதியது:

முதல்ல உங்க வண்டியை ஓரமா நிறுத்தி விளக்கைப் போட்டு விடுங்க, பின்னால வர்றவன் உங்களையும் இடிச்சிடக் கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வச்சுக்கங்க. மூச்சு இருக்கான்னு பாருங்க. மூச்சு இருந்தா ஹெல்மெட்டைத் தொடாதீங்க. தலைமாட்டுல முட்டி போட்டு ரெண்டு கையாலயும் தலையை அசையாம பிடிங்க, பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. ரத்தம் வர்ற இடத்துல சுத்தமான துணியை வச்சு அழுத்தணும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. தண்ணி கொடுக்காதீங்க, எவ்வளவு கேட்டாலும் சரி. தூக்கி உட்கார வைக்காதீங்க.

மூச்சு இல்லைன்னா கணக்கே வேற. அப்போ கழுத்தைப் பத்தின கவலை ரெண்டாவதுதான். நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாம அமுக்கணும். ஆள் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. இதை எழுத்துல படிச்சா வராது ஆற்றோரம், பொம்மையை வச்சுச் சொல்லிக்கொடுக்கற வகுப்புக்கு ஒருநாள் போயிட்டு வாங்க.

அப்புறம் ஆம்புலன்ஸ் வந்ததும் எப்படி விழுந்தார், எவ்வளவு நேரமா மயக்கம், நீங்க என்ன செஞ்சீங்க, இந்த மூணையும் சொல்லிட்டு, பேரையும் சொல்லிட்டுக் கிளம்புங்க. இல்லைன்னா அவரும் பொழைச்சு வந்து இங்க ஓர் இழை ஆரம்பிப்பார், உபதேசியார் ஐயா உங்களை இரபேல்னு சொல்லிடுவார்.